ஊரறிந்தவர் கையில் இருந்த பழைய திறந்த காரை விற்பது எப்படி: வேலூர்ப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களில் பழைய வீடுகளின் பின்கட்டிலோ தோல் கிடங்குகளின் ஓரத்திலோ தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நிற்பதை இன்றும் காணலாம். இந்தப் பக்கத்துக்கு மோட்டார் சீக்கிரமே வந்துவிட்டது. மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று சாலையோரத்தில் மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் ஐடா ஸ்கடருக்கு 1909ஆம் ஆண்டிலேயே ஒற்றைச் சிலிண்டர் பியூஜோ கார் ஒன்று கிடைத்தது. அதற்குப் பின் மிஷன் மருத்துவர்கள், தோல் வணிகர்கள், ஜமீன் குடும்பத்தார் என்று கார் வைத்திருந்தவர்கள் பலர். அவர்களிடமிருந்து கைமாறி நம் வீட்டுக்கு வந்த கார், கூரை மடக்கும் காராகவும் இருந்துவிட்டால், அதைத் தேடி வருபவர்கள் சாதாரணப் பழைய கார் வாங்குபவர்கள் அல்லர். அவர்கள் காரைப் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தைக் கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது 1959ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் கன்வெர்ட்டிபிள். காட்பாடியில் அதை விற்று முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அவற்றில் ஒன்பது மாதங்கள் காரைத் தொடாமல் காகிதங்களைத் தேடுவதிலேயே கழிந்தன. அந்த ஒன்பது மாதங்கள் வீண் என்று அப்போது நினைத்தேன். கடைசியில் கிடைத்த விலையில் பாதிக்குமேல் அந்தத் தேடலுக்குத்தான் கிடைத்தது என்பது என் கணிப்பு. ஆகவே இந்தக் குறிப்புகளிலும் காகிதமே அதிக இடம் பிடிக்கும்.

முதலில் கதையைப் பிரித்தெடுங்கள்

திறந்த காரை விற்கும் எவரும் அதில் காமராஜரோ அண்ணாவோ எம்.ஜி.ஆரோ நின்றபடி ஊர்வலம் போனதாகச் சொல்வார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரத்தில் அதை எழுதவில்லை. உரிமை வேறு, சவாரி வேறு. ஒருவர் காரின் உரிமையாளராக இருந்தார் என்பதற்குப் பதிவுப் புத்தகம் சாட்சி. ஒருவர் ஒருநாள் ஏறினார் என்பதற்கு, காரின் எண் தெரியும் புகைப்படமோ அக்காலத்துச் செய்தித்தாள் துண்டோ இல்லாவிட்டால், சாட்சி எதுவும் இல்லை. நிரூபிக்க முடியாத ஒரு கதையைச் சேர்த்தால், நிரூபிக்கக்கூடிய மூன்று செய்திகளின்மீதும் வாங்குபவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒரு வெள்ளைத் தாளில் காரின் முதல் நாளிலிருந்து இன்றுவரை யார் யார் உரிமையாளர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கான ஆதாரத்தைக் குறியுங்கள். ஆதாரம் இல்லாத இடத்தை வெற்றாகவே விடுங்கள். எங்கள் தாளில் மூன்று பெயர்கள் இருந்தன: காரைத் தன்னுடன் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விட்டுச்சென்ற மிஷன் மருத்துவர் ஒருவர், அவரிடம் வாங்கிய ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் வணிகர் ஒருவர், மூன்றாவதாக என் தந்தையார். வணிகரிடமிருந்து என் தந்தையாருக்கு வந்ததற்குப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. மருத்துவரிடமிருந்து வணிகருக்குச் சென்றதற்கான பக்கம் கரையான் அரித்துப் பாதிதான் மிஞ்சியிருந்தது.

இத்தகைய ஓட்டைகளை அடைக்க உதவுபவை பழைய இன்சூரன்ஸ் ரசீதுகள், சுங்கவரி கட்டிய சீட்டு, சாலை வரி டோக்கன், ஒர்க்‌ஷாப் பில், பெட்ரோல் கணக்கு எழுதிய டைரி, சொத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவை. பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அக்காலத்தில் அசையும் சொத்துப் பட்டியலில் காரின் எண்ணையும் எழுதுவது வழக்கம். எங்களுக்குக் கைகொடுத்தது சுங்கச் சீட்டு. பதிவுப் புத்தகத்தின் ரெக்ஸின் உறைக்கும் அட்டைக்கும் நடுவே எட்டாக மடித்துச் செருகப்பட்டிருந்த அதில் மருத்துவரின் பெயரும், காருக்குரிய அடையாள எண்ணான சேஸ் எண்ணும் ஒரே வரியில் இருந்தன. அந்த உறையை நாங்கள் எத்தனை முறை கையில் எடுத்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை.

காரைத் தயாரித்த நாட்டிலும் ஆதாரம் கிடைக்கும். மாரிஸ், ஆஸ்டின், எம்.ஜி. போன்ற பிரிட்டிஷ் கார்களின் தொழிற்சாலைப் பதிவேடுகளை இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் காத்துவருகிறது. சேஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பதிவேட்டில் உள்ளபடி தயாரிப்பு நாள், முதல் நிறம், எஞ்சின் எண், எங்கே அனுப்பப்பட்டது என்பன அடங்கிய சான்றிதழைத் தருவார்கள். கடல் கடந்து ஒரு தாளுக்கா இவ்வளவு செலவு என்று தோன்றும். வாங்க வந்தவர் முதலில் கையில் எடுத்தது அந்தத் தாளைத்தான்.

காகிதத்தின் மதிப்புக்கு உலகறிந்த எடுத்துக்காட்டும் உண்டு. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குயின் ஒரு படத்தில் ஓட்டிய 1968ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங், புதுப்பிக்கப்படாமல், நெளிவும் துருவுமாகவே 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்து, ஏலக் கட்டணம் நீங்கலாக 34 லட்சம் டாலருக்குப் போயிற்று. பல்லாண்டுகளாக அதை வைத்திருந்த குடும்பம், அந்தக் காரைத் தனக்கே திருப்பித் தர முடியுமா என்று கேட்டு மெக்குயின் 1977இல் எழுதிய கடிதத்தையும் பத்திரப்படுத்தியிருந்தது. நம் கார்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் வாங்குபவரின் மனம் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

கூரை உண்மையிலேயே தொழிற்சாலையில் மடங்கியதுதானா

கூரையுள்ள காரைவிடத் திறந்த காருக்கு விலை அதிகம் என்பதால், சாதாரண காரின் கூரையை அறுத்துக் கேன்வாஸ் மாட்டி விற்பது பழைய வேலை. ஆகவே வாங்க வருபவர் உங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். அவர் கேட்பதற்கு முன் நீங்களே காட்டிவிடுவது நல்லது. மாரிஸ் மைனரில் 1950களின் பிற்பகுதியிலிருந்து சேஸ் எண்ணின் முன்னெழுத்திலேயே விடை இருக்கிறது: எம்.ஏ.டி. (MAT) என்று தொடங்கினால் திறந்த கார், எம்.ஏ.2.எஸ். (MA2S) என்றால் இரண்டு கதவுகள் கொண்ட கூரைக் கார். சேஸ் எண் பொறித்த தகடு, பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னுள்ள தகட்டுச் சுவரில் இருக்கும். கூரை இல்லாத உடல் வளையாமலிருக்கத் தொழிற்சாலையில் கதவடிப் பெட்டியையும் கதவுத் தூணின் அடியையும் கூடுதல் தகடு வைத்து உறுதிப்படுத்தியிருப்பார்கள். அந்த இடங்களைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். வேறு கம்பெனிக் காரானால் அதற்குரிய அடையாளங்களை அந்த மாடலை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரையும் சரியாகச் சொல்ல வேண்டும். 1948 முதல் 1951 வரை வந்த திறந்த மைனர், பின்னிருக்கையின் பக்கவாட்டில் கழற்றி மாட்டும் திரையோடு டூரர் எனப்பட்டது. அந்த இடத்தில் கண்ணாடி நிலையாக வந்த பிறகுதான் கன்வெர்ட்டிபிள் ஆயிற்று. நம்மூரில் பழைய கார் எல்லாவற்றையும் விண்டேஜ் என்கிறோம். சேகரிப்பவர்கள் வழக்கில் 1919 முதல் 1930 வரையிலான காரே விண்டேஜ். நம் நாட்டுச் சட்டத்தில் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்தது விண்டேஜ். விளம்பரத்தில் ஆண்டையும் மாடலையும் மட்டும் எழுதிவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் மறைக்காதீர்கள். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் ஃபியட் எஞ்சினையோ வேறு எதையோ பொருத்தி ஓட்டியவர்கள் ஏராளம். மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய எஞ்சின் வீட்டிலேயே கிடந்தால், ஓடாவிட்டாலும் அது இரும்புக் கடைக்குப் போகக் கூடாது. காரோடு போக வேண்டும்.

விற்பதற்காகப் புதுப்பிக்காதீர்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பார்க்க வருபவர்களுக்குக் கார் பளிச்சென்று இருக்கட்டும் என்று எண்ணி, ஊரில் ஒரு டிங்கரிங் கடையில் விட்டேன். பத்து நாள் கழித்துப் போனபோது கதவுகளில் இருந்த பழைய சாம்பல் நிறத்தைச் சுரண்டியெடுத்து, பட்டி பார்த்து, புது பெயின்ட் அடித்திருந்தார்கள். அதைவிடப் பெரிய இழப்பு டேஷ்போர்டில் இருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் அந்தக் காரைப் பராமரித்த கம்பெனியின் பெயர் பொறித்த, தீப்பெட்டி அகலமுள்ள பித்தளைத் தகடு ஒன்று அங்கே இருந்தது. பெயின்ட் அடிக்க இடைஞ்சலாக இருந்ததென்று கழற்றியிருக்கிறார்கள். பிறகு தேடியும் கிடைக்கவில்லை. இரண்டு திருகாணித் துளைகள் மட்டுமே எஞ்சின.

இரண்டு மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், டேஷ்போர்டு முன் குனிந்து அந்தத் துளைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நான் பெட்டியிலிருந்து என் அத்தையின் திருமணப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். கூரையை மடக்கி, சாமந்திச் சரம் சுற்றிய காரில் மணமக்கள் அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. முன்கண்ணாடிக்குள் அந்தத் தகடு ஒரு வெண்புள்ளியாகத் தெரிந்தது, கீழே நம்பர் பிளேட் முழுதாகத் தெரிந்தது. அவர் படத்தையும் துளைகளையும் மாறி மாறிப் பார்த்து, ஸ்கேலால் இடைவெளியை அளந்து, தகடு இருந்ததை ஒப்புக்கொண்டார். இருந்தாலும் பெயின்டுக்காகவும் தகட்டுக்காகவும் விலையில் நன்றாகவே குறைத்தார். நான் கடைக்குக் கொடுத்த கூலியைப் போலப் பல மடங்கு அது.

ஆகவே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். தூசியைத் துடையுங்கள், எலிக்கூட்டை அகற்றுங்கள், பிரேக்கைச் சரிபாருங்கள். டேங்கில் நாள்பட்டுக் கிடக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். அக்கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். இது தெரியாத மெக்கானிக் மாற்றி மாட்டிவிடுவார். பேட்டரி அருகே ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டிவிடுங்கள். கதவருகே மேலெழும் சிறு கைபோன்ற பழைய சிக்னல் வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை; அதைக் கழற்றி நவீன விளக்கு வைக்க வேண்டாம். நம் பக்கத்தில் தோலுக்கும் தைப்பவருக்கும் குறைவில்லை என்பதால் இருக்கையைப் புதிதாகத் தைத்துவிடும் ஆசை எழும். வெடித்த பழைய தோலே வாங்குபவருக்கு உவப்பானது.

மடக்குக் கூரையைப் பொறுத்தவரை வேலூர் வெயில்தான் எதிரி. பின்புறத்துப் பிளாஸ்டிக் ஜன்னல் பழுத்து, தொட்டாலே உடையும் நிலையில் இருக்கும். காலை இளவெயிலில் காரை நிறுத்தி, கேன்வாஸ் சற்றே இளகிய பின், இருவர் இருபுறமும் நின்று மெதுவாகத் திறந்து மூட வேண்டும். ஈரத்தோடு மடக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கூரை மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் படங்கள் தேவை. கிழிசல் இருந்தால் அதற்குத் தனிப் படம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதனால் வாணியம்பாடியிலோ இராணிப்பேட்டையிலோ வசிப்பவரின் காருக்குரிய பழைய பதிவேடு வேலூர் அலுவலகத்தில் இருக்கக்கூடும்; முதலில் அங்கே விசாரியுங்கள். கையால் எழுதிய பழைய ஆர்.சி. கணினியில் ஏறியிருக்கிறதா என்று மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் பாருங்கள். ஏறாவிட்டால் பேக்லாக் என்ட்ரி செய்யக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றம் அதற்குப் பிறகுதான் நடக்கும்.

கார் இறந்தவர் பெயரில் இருந்தால் விற்பனைப் பேச்சைத் தொடங்கவே வேண்டாம். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பியின் கையெழுத்து கடைசி நேரத்தில் வராமல் பேரம் முறிந்த வீடுகளை அறிவேன். விற்கும்போது, விற்பனையைத் தெரிவிக்கும் படிவம் 29, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் படிவம் 30 இரண்டும் தேவை. வாங்குபவர் வெளிமாநிலத்தவரானால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று. சேஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்டக் கேட்பார்கள். தகட்டில் எழுத்து மழுங்கியிருந்தால் சுரண்டாமல், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மென்மையான பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனப் பதிவுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத சொந்த உபயோக வாகனத்தை அதில் பதியலாம். புதிய பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000, பதிவு 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல், ஏனென்றால் பழைய சென்னை மாகாண எண்ணும் வரலாற்றின் ஒரு பகுதி. ஆனால் இவ்வாறு பதிந்த காரைக் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. விற்பனை நடந்தால் இருவரும் 90 நாட்களுக்குள் தத்தம் மாநிலப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பவரே அவசரப்பட்டு விண்டேஜ் பதிவு செய்வது தேவையில்லை என்பேன். ஞாயிறுதோறும் ஏலகிரிக்கு ஓட்டிச்செல்ல விரும்புபவரும் வாங்க வரலாம்; அவருக்கு அது தடை. முடிவை வாங்குபவரிடம் விட்டுவிடுங்கள்.

விலையும் ஆளும்

வேலூர், சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே அமைந்திருப்பது விற்பவருக்கு நல்வாய்ப்பு. இரு நகரங்களிலும் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். இருவரும் காலையில் புறப்பட்டு வந்து பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் கண்காட்சிக்கு ஒருமுறை போய், உங்கள் மாடலை வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள். கேட்கும் விலையையும் விற்ற விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இணையத்தில் காண்பதெல்லாம் கேட்கும் விலை. அதே மாடலின் வரலாறில்லாத கார் என்ன விலைக்குப் போயிற்று என்பதை முதலில் அறிந்து, அதற்குமேல் உங்கள் ஆதாரத் தாளின் வலிமையை வைத்துக் கேளுங்கள். ஏல நிறுவனத்திடம் கொடுப்பதானால் கமிஷன், போக்குவரத்து, விற்காவிட்டால் திரும்ப அனுப்பும் செலவு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களும் உண்டு. 1950க்கு முந்தைய கார்களின் ஏற்றுமதிக்கு அரசுக் கட்டுப்பாடு இருப்பதால், அந்தப் பேச்சை நம்பி உள்ளூர் ஆளைக் கைவிட வேண்டாம்.

உள்ளூர்ப் புரோக்கரைப் பற்றி ஒரு சொல். வருபவரிடம் அவர் தன்னால் இயன்ற கதையையெல்லாம் சேர்த்துச் சொல்லுவார். அந்தக் கதைக்கு நாளை நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீங்களே ஒரு பக்கக் குறிப்பு எழுதி, கையெழுத்திட்டு, அதற்குமேல் எதுவும் சொல்லக் கூடாது என்று அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆதாரங்களின் ஸ்கேன் நகலை மட்டும் காட்டுங்கள். மருத்துவரின் கடிதங்களில் நோயாளிகளின் பெயர் இருந்தால் நகலில் அதை மறைத்துவிடுவது மரியாதை. மூலக் காகிதங்கள் முழுப் பணம் வந்தபின் காரோடு போகட்டும்; வீட்டு நினைவாக வைத்துக்கொள்ளத் தோன்றினால் நல்ல நகல் எடுத்துச் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

பணமும் சாவியும்

ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணம் பெற்றவருக்கு, அதாவது விற்பவருக்கு, அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே வங்கி வழியே மட்டும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்ற லாபத்துக்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. கம்பெனிக் கணக்கில் தேய்மானம் எழுதிய காருக்கு அப்படியல்ல, ஆடிட்டரைக் கேளுங்கள். பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யச் சொல்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பெயர் மாற்றத்தை வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். பெயர் மாறும்வரை பதிவில் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29ஐ நீங்களே சமர்ப்பித்து ஒப்புகை பெறுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி, சேஸ் எண், எஞ்சின் எண், ஒப்படைத்த காகிதங்களின் பட்டியல், தெரிந்த பழுதுகள் ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். புதிய ஆர்.சி.யின் நகல் வந்து சேரும்வரை இன்சூரன்ஸை ரத்து செய்ய வேண்டாம்.

கார் போவதற்கு முன் பரணை ஒருமுறை முழுதாகத் தேடிவிடுங்கள். எங்கள் கார் லாரியில் ஏறிப்போய் மூன்று வாரத்துக்குப் பின், பித்தளை அண்டாவுக்கு அடியில் கூரை மடக்கிய பின் மேலே போர்த்தும் உறையும், அதன் பொத்தான்கள் அடங்கிய ஆஸ்பிரின் டப்பாவும் கிடைத்தன. பார்சலில் அனுப்பிவைத்தேன், அந்தக் கூலியை மட்டும் கார் வாங்கியவர் தராமல் என் கணக்கிலேயே விட்டுவிட்டார்.